பூசாத சுவருக்கு ஒரு புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சமீபத்தில் ஒரு பெரிய புகைப்படப் புத்தகத்துக்குக் கால் பக்க அறிமுகம் வந்திருந்தது. உலகம் முழுக்க இருக்கும் வெறும் கான்கிரீட் கட்டடங்களை, புரூட்டலிசம் என்று சொல்கிறார்களே, அந்தப் பாணிக் கட்டடங்களைப் படம் பிடித்துப் போட்ட புத்தகம். அறிமுகம் செய்ததற்கு முதலில் நன்றி, தமிழ்ப் பத்திரிகையில் இதற்குக் கால் பக்கம் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் எழுதியவர் கடைசியில், பார்க்கச் சகிக்காத கட்டடங்களைக்கூடக் கேமரா அழகாக்கிவிட்டது என்கிற மாதிரி முடித்திருந்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணம் பக்கம் சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிற வேலை, ஒப்பந்தம் எடுத்துச் செய்தவன். பாலம், மதகு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் என்று இந்த ஜில்லாவில் ஊற்றிய கான்கிரீட்டில் கொஞ்சம் என் பலகைக்குள்ளும் ஊற்றியதுதான். இப்போது தொழிலை விட்டாயிற்று. மருமகப்பிள்ளை பெங்களூரில் கட்டடக்கலை படித்தவர், அவரிடம் அந்தப் புத்தகம் இருந்தது, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொன்னேன். விலையைக் கேட்டு அதிர்ந்துபோனேன், அந்தப் பணத்துக்கு இரண்டு மூட்டை பொன்னி அரிசி வாங்கலாம். சரி, நான் வாங்கவில்லையே, பார்க்கத்தானே போகிறேன் என்று உட்கார்ந்தவன் பொங்கலுக்கு வந்த புத்தகத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சுவரில் இல்லாத எதையும் அந்தப் படங்களில் நான் பார்க்கவில்லை. புகைப்படக்காரர் செய்தது இரண்டே வேலைதான், இரண்டும் எங்கள் தொழிலில் எப்போதும் இருப்பவை. பூச்சு வேலை முடிந்த சுவரைச் சோதிக்க மேஸ்திரி டார்ச்சை நேரே அடித்துப் பார்க்க மாட்டார், சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிப்பார். அப்போதுதான் எங்கே மேடு, எங்கே பள்ளம், பூச்சைத் தேய்க்கிற மணியாசுக் கட்டை எந்த இடத்தில் சரியாக ஓடவில்லை என்று நிழல் விழுந்து எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் புத்தகத்தில் நல்ல படங்கள் அத்தனையும் அப்படிப் பக்கவாட்டு வெயிலில் எடுத்தவை. அதே சுவரை உச்சி வெயிலில் எடுத்திருந்தால் சாம்பல் பூசிய அட்டை மாதிரி சப்பென்று போயிருக்கும். இன்னொன்று, உயரமான கட்டடத்தை அண்ணாந்து எடுத்தால் மேலே போகப் போகக் குறுகிப் பின்னால் சாய்வதாக விழும். அப்படி விழாமல் இருக்க கேமராவைத் தூக்குக்குண்டுக்கு நேராக நிறுத்தி லென்ஸை மட்டும் மேலே நகர்த்துகிற வசதி உண்டாம். அதனால் புத்தகத்தில் ஒரு தூண்கூடச் சாயவில்லை. இதை அலங்காரம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மட்டம் பார்த்து வேலை செய்வதற்குப் பெயர் அலங்காரம் இல்லை.

ரொம்ப நேரம் பார்த்தது லண்டன் நேஷனல் தியேட்டர் படங்களை. டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்தது, 1976-இல் திறந்தது. ஆற்றங்கரையில் தட்டுத்தட்டாக நீளும் கட்டடம், ஆனால் நான் சொல்வது கிட்டத்தில் எடுத்த ஒரு படத்தை. சுவர் முழுக்கப் பலகை வரி. மரத்தின் ரேகை, கணு, ரம்பம் போன தடம், இரண்டு பலகை சேரும் சந்தில் சிமெண்ட் பால் கசிந்து நின்ற மெல்லிய முகடு, எல்லாம் அப்படியே பதிந்து கிடக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஆசாரி ஒருவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவிக்கூடப் பார்த்தார். "பலகையை இழைக்காம அடிச்சிருக்காங்க பாருங்க, வேணும்னேதான் செஞ்சிருக்காங்க. எல்லாம் ஒரே அகலம். இதுக்கு நம்மகிட்ட யாரு காசு குடுப்பா?" என்றார்.

அவர் கேட்டதில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. வெறும் கான்கிரீட் என்றால் மலிவு, பூச்சுக் கூலி மிச்சம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது தலைகீழ். நம் ஊர் வழக்கத்தில் பலகைச் சந்தில் காகிதச் சாக்கைத் திணித்து, பழைய இன்ஜின் ஆயிலைத் தடவி, ஊற்றிப் பிரித்த பிறகு ஜல்லி தெரிகிற இடத்தில் எல்லாம் இன்ஜினியர் வருவதற்குள் சாந்து வைத்துத் தேய்த்துவிடுவார்கள். எப்படியும் மேலே பூச்சு வரப்போகிறதே என்ற தைரியம்தான். பூச்சு கிடையாது என்று சொல்லிவிட்டால் அந்தத் தைரியம் போய்விடும். பலகை புதிதாக இருக்க வேண்டும், சந்து நூல் பிடித்தாற்போல் வர வேண்டும், கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைப் பிடிக்கிறவன் தூங்கக் கூடாது. ஒரு தடவைதான் ஊற்றலாம், அப்புறம் திருத்த வழியில்லை.

எங்கள் வேலை சரியாக வராததையும் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் புத்தகத்தில் இடம் இருக்கிறது. பிரான்சில் மார்செய் நகரத்தில் லெ கொர்புசியே என்ற கட்டடக் கலைஞர் கட்டிய குடியிருப்பு, 337 வீடுகள், 1947-இல் ஆரம்பித்து 1952-இல் முடிந்தது. போர் முடிந்த சமயம், எஃகுக்குத் தட்டுப்பாடு, அதனால் கான்கிரீட். பல ஒப்பந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் ஊற்றியதில் ஒன்றோடொன்று சேராமல் கோணலும் மாணலுமாக வந்துவிட்டது. நம் ஊராக இருந்தால் பில்லை நிறுத்தி வைத்துவிட்டுப் பூசச் சொல்லியிருப்பார்கள். அவர் பூச வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்தக் கட்டடம் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1949-இல், லூசியன் எர்வே என்ற ஹங்கேரியில் பிறந்த புகைப்படக்காரர் போய் ஒரே நாளில் 650 படம் எடுத்தார். படங்களைப் பார்த்த கொர்புசியே 1965-இல் தான் இறக்கும்வரை தன் கட்டடங்களைப் படமெடுக்கும் வேலையை அவரிடமே கொடுத்தார். இந்தப் பாணியைக் கட்டடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களைவிடப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம் என்று மருமகப்பிள்ளை சொல்கிறார். எனக்கும் அப்படித்தானே.

லண்டனிலேயே பார்பிகன் என்று ஒரு பெரிய குடியிருப்பு, போரில் குண்டு விழுந்து தரைமட்டமான இடத்தில் கட்டியது. அங்கே ஊற்றிய சுவர் நன்றாக இறுகும்வரை காத்திருந்து, அப்புறம் அம்மி கொத்துகிற மாதிரி ஆள் வைத்துக் கையால் கொத்தி, உள்ளே இருக்கும் கருங்கல் ஜல்லி வெளியே தெரியும்படி செய்திருக்கிறார்கள். அத்தனை மாடிக்கும் அப்படி. படத்தில் அந்தச் சொரசொரப்பைப் பார்க்கும்போது எனக்குத் தோள்பட்டை வலித்தது.

இதில் நம் நாட்டுக்கு உள்ள பக்கங்கள் குறைச்சல், இருப்பவை நன்றாக இருக்கின்றன. கொர்புசியே வடிவமைத்த சண்டிகர் சட்டமன்றம் வருகிறது. அதன் கூரைக்கு மேலே எழும்பி நிற்கும் இடுப்பு சிறுத்த கோபுரத்தின் வடிவம், கொர்புசியே ஆமதாபாத்தில் பார்த்த மின்நிலையக் கூலிங் டவரிலிருந்து எடுத்துக்கொண்டது. நெய்வேலி வழியாகப் போகிறவர்களுக்கு அந்த உருவம் புதிதில்லை. 2016-இல் யுனெஸ்கோ அந்த வளாகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் இங்கேதான் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம். சண்டிகரில் கான்கிரீட்டைத் தலையில் சுமந்து சாரத்தில் ஏற்றியவர்கள் பெண்கள். படக்குறிப்பில் கட்டடக் கலைஞர் பெயர் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, பலகை அடித்தவன், கம்பி கட்டினவன், கலவைச் சட்டி (பாண்டு) தூக்கின சித்தாள் பற்றி ஒரு வரி கிடையாது. பெயர் தெரியாமல் போகட்டும், கையால் செய்த வேலை என்றாவது ஒரு இடத்தில் போட்டிருக்கலாம். முக்கால்வாசிப் படத்தில் ஆளே இல்லை, விடியற்காலையில் ஊர் எழுவதற்கு முன் எடுத்த மாதிரி. கட்டடத்தில் மனிதர் நின்றால்தானே அது எவ்வளவு பெரிது என்று தெரியும்?

விடுபட்டுப்போன இன்னொன்று பாண்டிச்சேரி. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, ஜார்ஜ் நகாஷிமா கூட இருந்து வேலை பார்த்தது, 1930-களின் கடைசியில் ஆரம்பித்தது. கொர்புசியே சண்டிகருக்கு வருவதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே பூசாத கான்கிரீட்டை, அதுவும் ஆசிரமத்து ஆட்களை வைத்து, இவ்வளவு சுத்தமாக ஊற்றியிருக்கிறார்கள். சுவருக்குப் பதிலாகச் சாய்த்துத் திறக்கிற அகலச் சட்டங்கள், காற்று உள்ளே வரும், வெயில் வராது. அது புரூட்டலிசம் என்ற பெயர் வருவதற்கு முந்தியது, அதனால் சேர்க்கவில்லை என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனாலும் மாயவரத்தில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிற தூரத்தில் இருப்பது புத்தகத்தில் இல்லை என்றால் வருத்தம் வரத்தானே செய்யும்.

இந்தக் கட்டடங்களைத் திட்டுவதற்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. நேஷனல் தியேட்டரை, லண்டன் நடுவில் யாரும் எதிர்க்காமல் அணுமின் நிலையம் கட்டிய கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு இளவரசராக இருந்த சார்லஸ் கிண்டல் செய்தார். நம்மிடம் திட்டுவதுகூட இல்லை, பெயிண்ட் அடித்துவிடுகிறோம். கோயில் கருங்கல் தூணில் யாராவது எனாமல் பூசினால் உங்கள் பத்திரிகைக்கே கட்டுக்கட்டாகக் கடிதம் வரும், நானே எழுதுவேன். அதே ஊரில் தண்ணீர்த் தொட்டியின் காலில் கட்சிக் கலரும் ஜவுளிக்கடை விளம்பரமும் பூசினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கல் என்றால் மரியாதை, கான்கிரீட் என்றால் வெள்ளையடிக்கிற சுவர்.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய தொட்டி ஒன்று இன்னும் பெயிண்ட் படாமல் நிற்கிறது. ஆறு கால், நடுவில் குறுக்குச் சட்டம், மேலே கிண்ணம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு கோடு ஓடும். ஒரு நாள் வேலை அங்கே நின்று, மறுபடி அதற்கு மேல் பலகை ஏற்றி ஊற்றியது அது. கிண்ணத்தில் மட்டும் கோடு இருக்காது, நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் தண்ணீர் கசியும் என்று, சாரத்தில் படிக்கு ஒருவராக நின்று பாண்டு கை மாறிக் கை மாறி, பொழுது சாய்ந்த பிறகும் பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிப்பார்கள். நிறத்தையும் பாருங்கள். அந்தக் காலத்துத் தொட்டிகளில் லேசாக ஒரு பழுப்பு ஓடும், அது கொள்ளிடத்து மணல். இப்போது எம்-சாண்டில், கல்லை உடைத்துச் செய்கிற மணலில், ஊற்றுவதெல்லாம் நீலம் கலந்த சாம்பலாக வருகிறது. புத்தகத்தில் நாட்டுக்கு நாடு கான்கிரீட்டின் நிறம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது, அந்தந்த ஊர் மணலும் ஜல்லியும்தானே மேலே தெரிகிறது. ஒரு கோட்டிங் பெயிண்ட் போதும், எல்லாம் போச்சு.

கொர்புசியே 1923-இல் எழுதிய புத்தகத்தில் அமெரிக்காவின் தானியக் கிடங்குகளை, அந்த உருண்டை உருண்டையான கான்கிரீட் சைலோக்களைப் படம் போட்டு, இதுதான் புதுக் காலத்துக் கட்டடம் என்று தலையில் வைத்துக் கொண்டாடினார். புரூட்டலிசத்துக்குப் பாட்டன் யார் என்றால் நெல்லும் கோதுமையும் கொட்டி வைக்கிற தொட்டி என்று சொல்லலாம். நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கச் சிரிப்பாக இருந்தது. நம் நெல் வருஷாவருஷம் தார்ப்பாய்க்கு அடியில் நனைகிறது, அது வேறு கதை, அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

பூசாத கான்கிரீட்டுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊர் மழைக்கு அது லேசில் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் ஊறி ஊறிக் கறுப்பாகப் பாசி படர்ந்துவிடும். சன்ஷேடுக்கு அடியில் தண்ணீர் சுவருக்கு ஓடாமல் சொட்டிவிட ஒரு வெட்டு விட வேண்டும், அதை விட மறந்தால் சுவர் முழுக்கக் கோடு கோடாக அழுக்கு இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. கம்பிக்கு மேலே கான்கிரீட் போதுமான கனம் இல்லையென்றால் உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பிப் பெருக்கும், பெருத்தால் மேலே இருப்பது பிளந்து கொட்டத்தான் செய்யும். புத்தகத்திலும் அப்படிக் கம்பி எட்டிப் பார்க்கும் கட்டடங்கள் இருக்கின்றன, அவற்றை மறைக்காமல் போட்டது எனக்குப் பிடித்தது. பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் இந்தப் பாணி வேண்டாம், பூசிவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

நான் கேட்பது வேறு. டெல்லி பிரகதி மைதானத்தில் ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்று ஒரு கண்காட்சி மண்டபம் இருந்தது. ராஜ் ரேவல் வடிவமைப்பு, மகேந்திர ராஜ் இன்ஜினியர், சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுக்காக 1972-இல் முடித்தது. வெளிநாட்டில் எஃகுக் குழாயில் செய்கிற முக்கோணச் சட்டக்கூட்டை இவர்கள் எஃகு விலைக்குக் கட்டுப்படியாகாது என்று கான்கிரீட்டிலேயே, இருந்த இடத்திலேயே ஊற்றினார்கள். உள்ளே ஒரு தூண் கிடையாது. சென்ட்ரிங்காரனாகச் சொல்கிறேன், அந்த முடிச்சு ஒவ்வொன்றுக்கும் பலகை அடித்தவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். 60 வருஷம் ஆகாத கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் வராது என்று சொல்லிவிட்டார்கள், 2017 ஏப்ரலில் இராத்திரியோடு இராத்திரியாக இடித்தாயிற்று. லண்டனில் ராபின் ஹூட் கார்டன்ஸ் குடியிருப்பும் 1972-இல் முடிந்ததுதான், அதையும் அதே 2017-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அங்கே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்து வைத்துக்கொண்டது. நமக்கு மிச்சம் படங்கள்தான். நல்லவேளை, அதையாவது ஒழுங்காக எடுத்து வைத்திருந்தார்கள்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டையும் காமராஜர் மார்க்கெட்டையும் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். தேவைதான், குறை சொல்லவில்லை. அந்தப் பழைய இடங்களின் ஒழுங்கான படம் எத்தனை பேரிடம் இருக்கும்? உங்கள் அலுவலகத்தில் தேடினால் பஸ் மோதல், பூ விலை உயர்வு, அமைச்சர் வருகை என்று செய்திப் படங்களின் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சம் தெரியலாம்.

அதனால் கேட்கிறேன், உங்கள் டெல்டா பதிப்பில் வாரம் ஒரு படம், இரண்டு பத்தி அகலத்துக்கு, இந்த மாதிரிக் கட்டடத்துக்கு ஒதுக்க முடியுமா? 1977 நவம்பர் புயலுக்கு அப்புறம் நாகப்பட்டினம் கடற்கரை ஓரம் தூண் மேல் தூக்கிக் கட்டினார்களே, புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், அதிலிருந்து ஆரம்பியுங்கள். உப்புக்காற்றில் அவைதான் முதலில் போகும், சில ஏற்கனவே கம்பி தெரிய நிற்கின்றன. அப்புறம் பெயிண்ட் படாத தொட்டிகள், வாய்க்கால் மதகுகள், ஆற்றுப் பாலத்தின் அடிப்பக்கம் (பாலத்தை எல்லோரும் மேலிருந்தே எடுக்கிறார்கள், வேலை அத்தனையும் அடியில் இருக்கிறது). படக்குறிப்பில் எந்த வருஷம் என்பதோடு, அந்த ஊரில் அதற்கு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பெயரையும் கேட்டுப் போடுங்கள். இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் புகைப்படக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள், காலை ஏழரைக்குள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். அச்சில் கறுப்பைக் கூட்டிப் போடாதீர்கள், நியூஸ்பிரிண்டில் பலகை வரி எல்லாம் மையாக அப்பிக்கொள்ளும், சாம்பல் சாம்பலாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சென்ட்ரிங் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
கும்பகோணம்